தெரியாது என்று சொல்லப் பழகியவர்கள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். எங்கள் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நான் முதலில் கவனித்தது அவள் போட்டிருந்த நீல நிறக் கோட். ஷூ கம்பெனிகளில் தையல் லைனில் இருப்பவர்கள் அணிவது. அதை அவள் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தாள். பைக்கு மேலே கம்பெனியின் பெயர் தைத்திருக்கும் இடத்தில் வெள்ளை நூலின் முடிச்சுகள் மட்டும் தெரிந்தன. வலது கையைத் துப்பட்டாவால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். இடது கன்னம் வீங்கியிருந்தது. கீழ் உதட்டில் காய்ந்த ரத்தம். அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்துடும்க்கா. அதுக்குள்ள ஒரு ஊசி போட்டு அனுப்பிட முடியுமா?"

அவளைத் தேவகி என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். மருத்துவமனை எது, போலீஸ் ஸ்டேஷன் எது, கம்பெனி எது என்பதையும் எழுதவில்லை.

நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆம்பூரில் பாலியல் தொழிலாளர்களுக்கான ஒரு சுகாதாரத் திட்டத்தில் ஆலோசகராக இருந்தேன். அதற்கும் முன்னால் வேலூரில் ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். பிறகு ஆஸ்பத்திரி, கோர்ட் செய்திகள் எழுதினேன். பத்திரிகையின் வேலூர் அலுவலகத்தை மூடியபோது எனக்குக் கிடைத்த வேலை இது. சேர்ந்த காரணம் அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகம் ஒரு தையல் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் பெண்கள் வந்து உட்காரலாம், குளிக்கலாம், பகலில் தூங்கலாம். இன்னொன்றில் பரிசோதனையும் ஆலோசனையும். இப்போது அந்த மாடி இல்லை. பெண்கள் பஸ் ஸ்டாண்டிலும் பைபாஸிலும் நிற்பது குறைந்து எல்லாம் போனுக்குள் போய்விட்டதால், மையத்தை மூடிவிட்டு வேலையையும் போனுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெண் கேட்டாள்: "ரோட்ல பார்த்தா பேசக் கூடாதுன்னு ஒரு ரூல் இருந்துச்சாமே மேடம், எதுக்கு அது?" அப்போது இரண்டு வரியில் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்த விதியை உண்டாக்கியவர் எங்கள் திட்ட மேலாளர் எஸ்தர் மேடம். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து வந்தவர். ஒல்லியான உருவம், தாழ்ந்த குரல். அவர் "ஐயோ" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அடிபட்ட பெண் யார் வந்தாலும் அவர் செய்வது ஒரே மாதிரி இருக்கும். முதலில் அவள் பார்க்கும்படி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அவளை நாற்காலியில் உட்காரவைப்பார், கதவு அவள் கண்ணில் படும்படி. தான் ஒரு குட்டை ஸ்டூலில் உட்காருவார். அவர் தலை எப்போதும் அவள் தலையைவிடக் கீழே இருக்கும். தொடுவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்பார். கையைத் தொட ஒரு முறை, தோளைத் தொட இன்னொரு முறை. முதல் தடவை சொன்ன சரி இரண்டாவதுக்குச் செல்லாது.

அதன் பிறகு மூன்று கேள்விகள், இதே வரிசையில். எங்கே வலிக்கிறது, ரத்தம் போகிறதா? இன்றைக்கு எங்கே தூங்கப் போகிறாய்? இது யாருக்குத் தெரியணும், யாருக்குத் தெரியக் கூடாது?

என்ன நடந்தது என்பதைக் கேட்கவே மாட்டார். மூன்றுக்கும் பதில் வந்தபின் அவளே சொல்லுவாள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணிடம் யார், எப்போது, எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனபிறகு எஸ்தர் மேடம் சொன்னார்: "நீ பேப்பர்காரி மாதிரி கேக்கற. உன் நியூஸ் அவளுக்கு இன்னாத்துக்கு?"

தெரியாதவர்போல் நடந்துகொள்ளும் விதி இப்படி வந்தது. திட்டத்தின் ஆரம்ப நாட்களில் எங்கள் களப்பணியாளர் ஒருத்தி மார்க்கெட்டில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கொழுந்தனுக்குக் களப்பணியாளர் யாரென்று தெரிந்திருந்தது. அந்தப் பெண் அன்று மாலை துணி மூட்டையோடு எங்கள் மாடிக்கு வந்தாள். இன்னொரு பக்கம், போலீஸ் ஒருத்தியைப் பிடித்தால் அவளைவைத்து மற்றவர்களை அடையாளம் காட்டச் சொல்லுவார்கள். பையில் ஆணுறை இருந்தால் அதுவே குற்றத்துக்குச் சாட்சி. ஆகவே எஸ்தர் மேடம் தீர்மானித்தார்: வெளியில் நாம் அவர்களுக்கு அந்நியர்கள். அவள் முதலில் பேசினால் பேசு. பேசாவிட்டால் உனக்கு அவளைத் தெரியாது. யார் கேட்டாலும் தெரியாது.

சொன்னதோடு விடவில்லை, பழக்கினார். மாதம் ஒரு முறை களப்பணியாளர்களை உட்காரவைத்து, தான் இன்ஸ்பெக்டராக மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார். இரண்டு பேரை எதிரில் நிறுத்துவார். மேசையைத் தட்டி, "இவளைத் தெரியுமா உனக்கு?" என்பார். தெரியாது என்று சொல்லும்போது கண் அலையக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. அந்தக் கட்டத்தை எல்லாரும் தாண்டிவிடுவார்கள். அடுத்து எஸ்தர் மேடம் குரலை இறக்கி, அம்மா மாதிரி, "பரவால்ல, யோசிச்சுச் சொல்லும்மா" என்பார். அங்கேதான் பலர் உடைவார்கள். கண் ஒருமுறை பக்கத்தில் நிற்பவளிடம் போய்விடும். "அவ்ளோதான், ரெண்டு பேரும் உள்ள" என்பார் மேடம். எல்லாரும் சிரிப்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

ஒருமுறைகூடத் தோற்காதவள் அம்பிகா. களப்பணியாளர்களில் மூத்தவள், அவளும் அந்தத் தொழிலிலிருந்து வந்தவள்தான். தெருவில் எல்லாரிடமும் "ஊசி போடுற ஆபீஸில் வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள். ஆணுறை அட்டைகளைப் பிரியாணிக் கடைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். அந்தப் பையோடு ஆம்பூரில் யார் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கான்ஸ்டபிள், "இன்னா, எங்களுக்கெல்லாம் இல்லையா?" என்று பையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். "உங்களுக்கும் உண்டு சார். ஆனா அண்ணி கேட்டா எனக்குத் தெரியாது" என்றாளாம். பையைத் திறந்து பார்த்த கான்ஸ்டபிள் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

இந்த விதிக்கு ஒரு விலை இருந்தது. ஆம்பூரில் நூற்றுக்கணக்கான பெண்களின் உடம்பில் எங்கே வலி, வீட்டில் யார் குடிக்கிறார்கள், பிள்ளை எந்த வகுப்பு என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் என்னைத் தெரியும். ஆனால் நேதாஜி ரோட்டில் மாலை முழுக்க நடந்தாலும் என்னை நிறுத்தி "நல்லா இருக்கியா" என்று கேட்க ஆள் கிடையாது. காய்கறிக் கடையில் என் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் பொறுக்குகிறவள் நேற்று என் முன்னால் அரைமணி நேரம் அழுதவளாக இருப்பாள். இரண்டு பேரும் கத்தரிக்காயைப் பார்ப்போம். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்களுக்கு நான் காசநோய் ஒழிப்பில் வேலை செய்தவள். அப்படித்தான் சொல்லியிருந்தேன். அதனால் என் டம்ளரைத் தனியாக வைத்தார்கள்.

தேவகிக்கு வருகிறேன்.

அன்று எஸ்தர் மேடம் சீக்கிரமே வந்திருந்தார். கையைக் கழுவினார், ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது மணிக்கட்டில் வலி, விரலை மடக்க முடியவில்லை. ரத்தம் கொஞ்சம் போகிறது. தூங்குவது அம்மா வீட்டில்; அவளுடைய பெண் குழந்தை அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு, "அம்மாவுக்குத் தெரியக் கூடாது. கம்பெனிக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

"யாருக்குத் தெரியணும்?"

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில் "யாருக்கும் வேணாம்" என்பது. தேவகி கதவைப் பார்த்தாள்.

"போலீசுக்கு" என்றாள்.

அதன்பிறகு அவளே சொன்னாள். கணவன் விட்டுப் போய்ச் சில வருடம். கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறாள். ஆர்டர் குறைந்து வேலை இல்லாத நாட்களில் தெரிந்த இரண்டு மூன்று பேரோடு மட்டும் போனில் பேசி இந்தத் தொழிலுக்குப் போவாள். எங்களிடம் பரிசோதனைக்கு ஒழுங்காக வருகிறவள். அவளுடைய கம்பெனிக்கு வேன் விடும் கான்ட்ராக்டருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. சில வாரமாக மிரட்டல். ஞாயிற்றுக்கிழமை மதியம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பைபாஸ் ஸ்டாப்புக்கு வரச்சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தகர ஷெட். அங்கே அவள் ஆணுறை இல்லாமல் முடியாது என்றாள். முடியாது என்பதையே அவன் கேட்கவில்லை. கையை இரும்புக் கதவில் வைத்துச் சாத்தினான்.

"என்னைப் போட்டு அடிச்சதுகூடப் போவட்டும் மேடம். காலைல அவன் வேன்லதான ஏறணும். தினம் ஏறணும்."

அந்தக் கம்பெனிக்கு ஓடும் வேன்களில் பெரும்பாலானவை அவனுடையவை. அவன் வேன் நின்றால் பாதி லைன் நிற்கும்.

அம்பிகா வந்தாள். தேவகியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். நடந்ததை நான் சுருக்கமாகச் சொன்னேன். "நேத்து நான் பாத்தேன்க்கா" என்றாள். "பைபாஸ்ல இது அவன் வேன்ல ஏறிச்சு. வண்டி காலி. ஞாயித்துக்கெழம கம்பெனி வேன் எங்க போவுதுன்னு நினைச்சேன். இதும் என்னப் பாத்துச்சு. பேசல. நானும் பேசல."

எஸ்தர் மேடம் தேவகியிடம் சொன்னார்: "முதல்ல ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. வராம தடுக்கற மாத்திரையை மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. அப்புறம் ஸ்டேஷன். குளிச்சியா?" குளிக்கவில்லை. நேற்றுப் போட்டிருந்த உள்ளாடையைக் காகிதப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் கூட்டங்களில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள். பிளாஸ்டிக்கில் போடக் கூடாது என்பதுவரை.

மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். தூக்கமில்லாத கண்கள். போலீஸ் மெமோ கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார். எஸ்தர் மேடம் குரலை உயர்த்தாமல், மெமோவுக்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, போலீசுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பு என்றார். டாக்டர் தேவகியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எங்கள் திட்டம் எது என்று அவருக்குத் தெரியும்.

"இவங்க ரெகுலரா இதுல இருக்கறவங்கதானே?"

"ஆமா டாக்டர்" என்றார் எஸ்தர் மேடம். "கை ரெகுலரா உடையறதில்ல."

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதன்பிறகு டாக்டர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பெண் டாக்டரை வரவழைத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், மணிக்கட்டில் முறிவு. ரத்தப் பரிசோதனை, டெட்டனஸ் ஊசி, கருத்தடை மாத்திரை, மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசி. தடுப்பு மாத்திரையின் முதல் வேளையை எஸ்தர் மேடம் அங்கேயே விழுங்கவைத்தார். ஒரு மாதம் தவறாமல் சாப்பிட வேண்டும், வாந்தி வரும், நிறுத்தக் கூடாது என்று விளக்கினார். வீட்டில் யாரும் படித்துவிடாதபடி மாத்திரை பாட்டிலின் மேலிருந்த லேபிளை நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அது என் வேலை.

அம்பிகாவையும் கூட்டிக்கொண்டு மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு மதியம் போனோம். இன்ஸ்பெக்டர் மேடம் கெட்டவர் இல்லை. மின்விசிறியைத் தேவகி பக்கம் திருப்பினார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தேவகி தன் தொழிலையும் மறைக்கவில்லை. "அதுக்காக அவன் பண்ணது சரியாயிடாது, நீ சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர். போனில் கான்ட்ராக்டரைப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன் எதையும் வெளியே எடுக்கவே இல்லை, அந்தப் பெண்ணைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றான்.

"பாத்த சாட்சி இருக்காங்க" என்றார் எஸ்தர் மேடம். அம்பிகா முன்னால் வந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருந்த பெண் கான்ஸ்டபிள் அம்பிகாவின் தெருவில் குடியிருப்பவர். அம்பிகாவைப் பார்த்து லேசாகச் சிரித்திருந்தார். அம்பிகாவின் மகளுக்கு வாணியம்பாடியில் நிச்சயம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் அம்பிகா அதையெல்லாம் யோசித்துச் செய்தாள் என்று நான் நினைக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். யோசிப்பதற்கு அங்கே நேரமே இல்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் தட்டினார். வேறெதற்காகவோ தட்டினார், மை இறங்காமல் இருந்திருக்கலாம். தேவகியைக் காட்டிக் கேட்டார்: "இந்தப் பொண்ண உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க மேடம்."

கண் அலையவில்லை. தேவகி திரும்பி அம்பிகாவைப் பார்த்தாள். அம்பிகா இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எஸ்தர் மேடம் சட்டென்று முன்னால் சாய்ந்தார். "அம்பிகா, யோசிச்சுச் சொல்லும்மா."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அவர் கை வாய்க்குப் போனதைப் பார்த்தேன்.

"தெரியாதுங்க" என்றாள் அம்பிகா.

ஒரு பெண் வேனில் ஏறியதைப் பார்த்தேன், அவள் யாரென்று தெரியாது. அம்பிகாவின் வாக்குமூலம் அப்படிப் பதிவானது. தேவகியின் வார்த்தையின் பேரில் வழக்குப் பதிவு செய்தார்கள், கான்ட்ராக்டரைக் கைது செய்தார்கள். சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டான். வேனில் ஏறிய பெண் யாராகவும் இருக்கலாம் என்பதுதான் அவன் வக்கீலின் வாதம்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது அம்பிகா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாய் தானா சொல்ட்டுதுக்கா" என்றாள் என்னிடம். எஸ்தர் மேடம் அவளைத் தாண்டி மேலே போனார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து அதே படியில் உட்கார்ந்தார். "வாய் தானா சொல்லல. நான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். மாதப் பயிற்சியில் மேசைக்குப் பின்னால் அவர் மறுபடி உட்காரவே இல்லை.

வாக்குமூலத்தைத் திருத்த முடியுமா என்று எங்கள் வக்கீலிடம் கேட்டோம். இன்னொன்று கொடுக்கலாம், ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், அதற்கு என்ன பதில் என்றார். அம்பிகாவிடம் பதில் ஒன்றுதான் இருந்தது. மகளின் கல்யாணம் அடுத்த மாதம். அவள் இன்னொரு வாக்குமூலம் கொடுக்கவில்லை. தேவகியும் கேட்கவில்லை.

தேவகி மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. வாந்தியோடு மாவுக்கட்டுக் கையோடு வீட்டில் இருந்தாள். கம்பெனியில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கை சரியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. நான் வாரம் ஒரு முறை சென்று பார்த்தேன், காசநோய் ஆபீஸ் அக்காவாக. அவளுடைய அம்மா காபி கொடுப்பார். மகளுக்கு ரேஷன் கடையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று அவர் எனக்கே விளக்குவார். மூன்று மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை. முடிவைச் சொன்னபோது தலையாட்டினாள். "கட்டை விரல்ல இன்னும் புடிப்பு வரலக்கா. அப்பர் நழுவுது" என்றாள். எங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடமிருந்து லெதர் துண்டுகளும் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் வாங்கிக்கொண்டு போய் மாடியில் பழகினாள். அந்த வாசனைக்கு எஸ்தர் மேடம் ஜன்னலைத் திறந்துவைப்பார். ஒரு வருடம் கழித்து வாணியம்பாடி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய்வந்தாள்.

விசாரணைக்கு வர வருடங்கள் ஆயின. அதற்குள் எஸ்தர் மேடம் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், கல்லறைத் தோட்டத்தில் தனித்தனியாக நின்றார்கள். அவருடைய அண்ணன் மகன் என்னிடம், "இவங்கல்லாம் யாருங்க மேடம்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அரசு வக்கீல் அம்பிகாவைக் கூப்பிடவே தயங்கினார். அவளை விட்டுவிடலாம், அந்தச் சாட்சியம் நமக்கு நல்லதைவிடக் கெட்டதுதான் ஜாஸ்தி என்றார். நானும் அம்பிகாவிடம் அதையே சொன்னேன். மருமகன் வீட்டை நினைத்துக்கொள் என்றேன்.

"நினைச்சிட்டேன்க்கா" என்றாள். "அன்னிக்கு ஸ்டேஷன்ல தேவகி என்னத் திரும்பிப் பாத்துச்சில்ல. அத நீங்க பாக்கல."

நான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

மூடிய அறையில் விசாரணை. என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையில் இருந்த நாட்களில் அதே வளாகத்தில் எத்தனையோ வழக்குகளை உள்ளே உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். அன்று எதிர்ச்சுவரும் வழக்கு எண்கள் ஒட்டிய பலகையும்தான். தேவகி இன்னொரு பெஞ்சில், முதுகைக் காட்டி. கான்ட்ராக்டரின் ஆட்கள் படிக்கட்டில் நின்றிருந்தார்கள், எல்லாரும் ஆம்பூர்க்காரர்கள். அவர்கள் இருக்கும்போது நான் அவளிடம் பேச முடியாது.

உள்ளே நடந்தது அம்பிகா பிறகு பஸ்ஸில் சொன்னதுதான். எதிர்த்தரப்பு வக்கீல், அன்று தெரியாது என்றவருக்கு இன்று எப்படித் தெரிந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார்.

"தெரியாதுன்னு சொல்றதுதாங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. தெரியும்னு சொல்ல யாரும் சொல்லிக் குடுக்கல."

எங்களுக்கு என்றால் யாருக்கு என்று வக்கீல் கேட்டார். நீதிபதி குறுக்கிட்டு, இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, புரிகிறதா அம்மா என்று கேட்டாராம். புரியுதுங்க என்றிருக்கிறாள். கூண்டில் கான்ட்ராக்டர் நின்றிருந்தான். அவன் அவளுடைய மருமகனின் சித்தப்பாவுக்கும் பழக்கம்.

"நானும் அந்தத் தொழில் பண்ணவதாங்க. இது எங்க ஆபீசுக்கு வரும். எனக்கு நல்லாத் தெரியும்."

பஸ்ஸில் இதைச் சொல்லிவிட்டு, தொண்டை காய்கிறது என்று என் தண்ணீர் பாட்டிலை வாங்கி முழுக்கக் குடித்தாள். "கோர்ட்ல கேள்வி ஒரு தடவைதான் கேட்டாங்கக்கா. மேடம் ரெண்டு தடவை கேப்பாங்க" என்றாள். தேவகி எங்கள் பஸ்ஸில் வரவில்லை.

கான்ட்ராக்டருக்குத் தண்டனை கிடைத்தது. தீர்ப்பில் அம்பிகாவின் சாட்சியம் ஒரு முழுப் பக்கம் வருகிறது. அவன் வேலூர் ஜெயிலில் இருக்கிறான், மேல்முறையீடு நிலுவையில் உள்ளது. வேன்களை அவன் தம்பி ஓட்டுகிறான்.

அந்தத் தீபாவளிக்கு மகளுக்கும் மருமகனுக்கும் அம்பிகா எடுத்துக் கொடுத்திருந்த துணிகளை, கவரைப் பிரிக்காமல், மருமகனின் தம்பி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். அன்று மாலை என் அறைக்கு வந்தாள். பத்து வருடப் பழக்கத்தில் அவள் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை.

"சட்டை அளவு சரியில்லையாம்க்கா" என்றாள்.

பிறகு மகள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அம்பிகா அந்தத் தெருவைக் காலி செய்துவிட்டு மாதனூர் பக்கம் போனாள். மையம் மூடியபோது அவளுக்கும் வேலை போயிற்று. எப்போதாவது பேசுவோம், போனில்.

அம்பிகாவின் மகள் வேலை செய்வது தேவகி சேர்ந்த அதே வாணியம்பாடி கம்பெனியில், எதிர் லைனில். தேவகிக்கு அவள் யாரென்று தெரியும். அவளுக்குத் தேவகியைத் தெரியாது.

சென்ற ஆடி மாதம் அம்பிகாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. லைனில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். அம்பிகாவுக்குப் போன் செய்து சொன்னது தேவகி.